வேம்பி தாங்கிய கதவு

கூத்தன்வயல்,
திருவாடானை வழி.
4 ஜூலை 2025

காளிதாஸ் மச்சானுக்கு,

உன்னை எல்லா இடத்திலும் பிளாக் செய்திருக்கிறேன். போன் கெட்டுப்போச்சோ, டவர் இல்லையோ என்று குழம்ப வேண்டாம். நிச்சயத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது எவளாவது மாப்பிள்ளையை பிளாக் செய்வாளா என்று கேட்பாய். நான் செய்வேன். போனில் பேசினால் நீ நடுவில் புகுந்து புகுந்து என்னை மடக்கிவிடுவாய். ஆட்ட மேசையிலும் கடைசி வார்த்தை உன்னுடையதுதான். கடிதத்தில் உனக்கு அந்த வசதி இல்லை. நான் முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு படித்துத்தான் ஆக வேண்டும்.

போன வாரம்கூட உன் அம்மா, "இனிமே அவனை நீங்க, வாங்கன்னு கூப்புட்டுப் பழகுத்தா" என்று சொன்னாள். அத்தை சொல்லைத் தட்டியவள் என்று பெயர் வந்தாலும் சரி, இந்தக் கடிதத்தில் அது நடக்காது.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ மறுநாளே சோலார் கம்பெனியில் ஒரு மாசப் பயிற்சி என்று புஜ்ஜுக்கு ரயிலேறிவிட்டாய். ரயிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் உனக்குச் சாதகமாக மாற்றி நினைத்திருப்பாய், எனக்குத் தெரியும்.

தொண்டியில் பாக்கர் அண்ணன் செல்போன் கடை மாடி. நீ மாஸ்டர், கதையை நடத்துகிறவன். நான், பாக்கர் அண்ணன், உமாமகேஸ்வரி மூன்று பேரும் ஆடுகிறவர்கள். ஞாயிறு தவறாமல் ரெண்டு வருஷமாக நாம் ஆடி வரும் அதே கற்பனை உலகம்தான், உப்பளக் கோட்டையும் கடலுக்குள்ளிருந்து ஏறி வரும் அரக்கர் படையும். கோட்டைக்குள் மாட்டிக்கொண்டோம். மேலேயிருந்து இரும்புக் கதவு இறங்குகிறது. ஆட்டத்தில் நான் ஏற்று ஆடும் வீராங்கனை வேம்பி அதன் அடியில் போய்த் தோள் கொடுத்து நின்றாள், மற்ற ரெண்டு பேரும் தவழ்ந்து வெளியே போகட்டும் என்று.

"தாங்க முடியுமா?" என்று உன்னைக் கேட்டேன். "இருபது விழுந்தா முடியும். போடு" என்றாய். இருபது முகப் பகடையில் இருபதே விழுந்தது. உமா எழுந்து நின்று கை தட்டினாள். பாக்கர் அண்ணன் "மாஷா அல்லாஹ்" என்றார். நீ குனிந்து பகடையைப் பார்த்தாய். பிறகு, "இல்ல சத்யா, யோசிச்சுப் பாத்தா நெசத்துல இது நடக்காது. யானை கனம் இருக்கும் அந்தக் கதவு, மனுச உடம்பு தாங்காது. அவங்க ரெண்டு பேரும் தப்பிச்சிர்றாங்க. வேம்பி நசுங்கிச் செத்துர்றா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்க இறங்கிப் போய்விட்டாய்.

கடலிலிருந்து அரக்கன் வருவது யதார்த்தம். பாக்கர் அண்ணன் ஊதினால் தீப்பிடிப்பது யதார்த்தம். போன மாசம் ஆட்டத்தில் அவர் மலையுச்சியிலிருந்து விழுந்து, விதிப்படி கணக்குப் பார்த்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து போனதும் யதார்த்தம். ஒருத்தி கதவைத் தாங்கினால் மட்டும் உன் யதார்த்தம் கெட்டுப்போகிறது.

நான் யதார்த்தம் வேண்டாம் என்கிறவள் இல்லை. நம் ஊர் வெயிலில் இரும்புக் கவசம் போட்டால் மயக்கம் வரும் என்று நீ விதி எழுதினாய். வேம்பி மயங்கி விழுந்தாள், நான் ஒன்றும் சொல்லவில்லை. உப்புக் காற்றில் வாள் துருப்பிடிக்கும் என்றாய். சரி என்று எண்ணெய் போட்டு வைத்தேன். அதெல்லாம் பகடை உருளும் முன்னால் சொன்னது. இது உருண்ட பிறகு சொன்னது. கதவு அத்தனை கனம் என்றால் முதலிலேயே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும், நான் வேறு வழி பார்த்திருப்பேன்.

விழுந்த இருபது நிற்க வேண்டும். வேம்பி கதவைத் தாங்கினாள் என்று எழுதி அனுப்பு. அதுவரைக்கும் உன்னோடு பேச்சு கிடையாது, நிச்சயம் நடந்தாலும் சரி, நடக்காவிட்டாலும் சரி.

கோபம் தணியாத
சத்யப்பிரியா


புஜ், குஜராத்.
9 ஜூலை 2025

ஏ சத்யா,

உன் கடிதத்தை மெஸ்ஸில் வைத்துப் படித்தேன். என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு பக்கத்திலிருந்த ஒடிசாக்காரன், வீட்டில் யாராவது தவறிவிட்டார்களா என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லி வைத்தேன். விளையாட்டாகச் சொன்னேன். அன்று சாயங்காலமே அம்மா போன் செய்து அதையே சொல்கிறாள்.

"ஏலே, சத்யா வீட்டுப் பக்கம் வேம்பின்னு ஒரு புள்ள கதவு விழுந்து செத்துப்போச்சாம்டா. காரியம் வர்ற ஞாயித்துக்கெழமையாம். தீட்டு வீட்ல எப்பிடி நிச்சயம் வைக்கிறது?" என்கிறாள். ஜோசியரிடமும் கேட்டாகிவிட்டதாம். பதினோராம் தேதியை விட்டால் ஆடி பிறந்துவிடும். ஆடியில் நம் பக்கம் நல்ல காரியம் எதையும் பேசமாட்டார்கள். இனி ஆவணிதான் என்று முடிவாகிவிட்டது. நீ என்ன காரியம் செய்து வைத்திருக்கிறாய் என்று தெரிந்துதான் செய்தாயா?

உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருபத்தொன்பது வயசுப் பயல் ஞாயிற்றுக்கிழமை ஆனால் தொண்டிக்குப் போய்ப் பகடை உருட்டுகிறான் என்று தெரிந்தால், வயலையெல்லாம் சூதாடித் தொலைத்துவிட்டதாக அம்மா ஊரைக் கூட்டிவிடுவாள். அவளைப் பொறுத்தவரை நான் பாக்கர் கடையில் கம்ப்யூட்டர் கிளாஸ் எடுக்கிறேன். இது உனக்கும் தெரியும். என் வாயை நன்றாகத்தான் கட்டியிருக்கிறாய்.

இப்போது கதவுக்கு வருகிறேன். விதி, விதி என்கிறாய். விதியை மட்டும் பிடித்துக்கொண்டு ஆட்டம் நடத்தினால் என்ன ஆகும்? பாக்கர் அண்ணன் மலையிலிருந்து விழுந்து எழுந்த அன்று நீங்கள் மூன்று பேரும் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மலையை நான் எத்தனையோ நாள் உட்கார்ந்து யோசித்து உண்டாக்கினேன். விழுந்தால் சாவோம் என்ற பயம் போய்விட்டால் அது மலை இல்லை, மாடிப்படி. இனிமேல் இந்த உலகத்துக்குக் கனம் வேண்டும், சாவு என்றால் சாவாக இருக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அதற்குப் பிறகு முதலில் வந்து மாட்டியது நீ. மற்றபடி உன்மேல் எனக்கு என்ன பகை?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நீ குதித்தாலும் பரவாயில்லை. "போடு" என்று சொன்னபோது இருபது விழும் என்று நான் நினைக்கவே இல்லை. ஆசையாகக் கேட்கிறாள், முடியாது என்று முகத்தில் அடித்த மாதிரி எதற்குச் சொல்ல வேண்டும், போடட்டும், எப்படியும் விழாது, அவளே அடங்கிவிடுவாள் என்று நினைத்தேன். விழுந்து தொலைத்துவிட்டது.

சரி, சமாதானமாகப் போவோம். வேம்பி சாகவில்லை. கதவு விழுந்தது, ஆனால் அடியில் ஒரு பள்ளம் இருந்தது. மயங்கிக் கிடந்தவளை மீன்காரர்கள் நாலு பேர் வலையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போய்க் காப்பாற்றிவிட்டார்கள். போதுமா? அம்மாவிடம் தீட்டு இல்லை என்று நீயே சொல்லிவிடு.

உன்னிடம் அகப்பட்டுக்கொண்டவன்,
காளிதாஸ்


கூத்தன்வயல்,
16 ஜூலை 2025

மச்சான்,

நான் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. அத்தை போனில், "ஏன்த்தா, குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டாள். "வேம்பி செத்துட்டா அத்தை, கதவு விழுந்து" என்றேன். "அடியாத்தீ, காரியம் எப்ப?" என்றாள். "ஞாயித்துக்கெழம" என்றேன். அதுவும் உண்மைதானே. ஆட்டத்தில் யார் செத்தாலும் ரெண்டாவது ஞாயிறு எல்லாரும் சேர்ந்து பரோட்டா தின்று காரியம் செய்ய வேண்டும் என்ற வழக்கத்தை உண்டாக்கியவனே நீதான். பாக்கர் அண்ணன் வேம்பிக்காக ஒரு பரோட்டாவைத் தனியாக எடுத்து வைத்தார். உமா கண் கலங்கினாள்.

அத்தை அதற்குமேல் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எங்கள் அய்யா அது அம்மா பக்கத்துச் சாவு என்று நினைத்துக்கொண்டார். அம்மா அது அய்யாவின் பங்காளி வீடு என்று நினைத்துக்கொண்டாள். ஒருவரை ஒருவர் கேட்டால் தெரிந்துவிடும், ஆனால் கிடாய் விற்ற சண்டையில் ரெண்டு பேரும் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்கு நான் என்ன செய்ய?

இப்போது நீ ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வேம்பியின் சாவு சாவுதான், உலகத்துக்குக் கனம் வேண்டும் என்றால் தீட்டும் உண்டு. நிச்சயம் தள்ளிப்போனது நியாயம், முணுமுணுக்காதே. இல்லை, அவள் வெறும் காகிதம், யாரும் சாகவில்லை என்றால் கனமும் இல்லை, யதார்த்தமும் இல்லை, விழுந்த இருபது மட்டும்தான் மிச்சம். மேசையில் ஒரு நியாயம், உன் வீட்டில் ஒரு நியாயம் என்று ரெண்டையும் நீயே வைத்துக்கொள்ள முடியாது.

உன் பள்ளமும் வலையும் எனக்கு வேண்டாம். வேம்பியின் உயிருக்காக நான் சண்டை போடவில்லை. சாகிறதாக இருந்தால் கதவைத் தாங்கிவிட்டுச் சாகட்டும். நீ இரக்கப்பட்டுக் கொடுக்கும் உயிரை வாங்கிக்கொண்டு அவள் யார் முகத்தில் விழிப்பாள்? அவளுக்குச் சேர வேண்டியதைக் கேட்டால் நீ பிச்சை போடுகிறாய்.

இனி ஆட்டம் இல்லாத விஷயம். நேற்று எனக்கு வேலைக்கான ஆர்டர் வந்தது. திருவாடானை தாலுகா ஆபீஸ், இளநிலை உதவியாளர். தேர்வில் தேறியும் ரேங்க் பின்னால் இருக்கிறது, கூப்பிட மாட்டார்கள் என்று எல்லாரும் சொன்னீர்களே, கூப்பிட்டுவிட்டார்கள். கவரைப் பிரித்துவிட்டு வெகுநேரம் அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். முதலில் உனக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் தோன்றியது. அதற்காக என்மேல் எனக்கே கோபம் வந்தது.

வைகாசியில் எங்கள் வீட்டில் பேசி முடித்த அன்று குருநாதன் பெரியய்யா கேட்டார், "புள்ளைக்கு வேலை வந்தா என்ன செய்யப் போறீக?" என்று. உன் அய்யா சொன்னார், "கெடச்சா இங்கனயே இருந்து பாக்கட்டும். இவனும் தொண்டியில வீடு எடுத்துக்கிருவான்." மாமா அப்படிச் சொன்னபோது நீ பக்கத்தில் இருந்து தலையாட்டினாய். அதன் பிறகுதான் வெற்றிலை மாற்றினார்கள்.

உன் கடிதத்தில் ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். போடட்டும், எப்படியும் விழாது, அவளே அடங்கிவிடுவாள். மச்சான், வைகாசியில் தலையாட்டியதும் அப்படித்தானா? சுற்றி வளைக்காமல் பதில் எழுது.

சத்யா


புஜ்,
30 ஜூலை 2025

சத்யா,

ஆர்டர் வந்த செய்தியைப் படித்ததும் மெஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தேன். அந்த ஒடிசாக்காரன், போன தடவை சாவு, இந்தத் தடவை என்ன என்று கேட்டான். நீ நம்பினால் நம்பு, எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது.

நீ வைத்த பொறியிலிருந்து வெளியே வர வழி தேடித் தேடிப் பார்த்தேன். இல்லை. ஆகவே பாக்கர் அண்ணனுக்கும் உமாவுக்கும் எழுதி அனுப்பிவிட்டேன். விழுந்த இருபது நிற்கிறது. வேம்பி கதவைத் தாங்கினாள், மற்றவர்களை அனுப்பிவிட்டுத் தானும் வெளியே வந்தாள். எது நடக்கும், எது நடக்காது என்பதை இனிமேல் பகடை உருளும் முன்னால் சொல்லிவிடுவேன். நீ சொன்னதுதான் சரி. பாக்கர் அண்ணன், "அப்ப நாங்க தின்ன பரோட்டாவுக்கு என்னப்பா கணக்கு?" என்று பதில் போட்டிருக்கிறார்.

வைகாசியைப் பற்றி நேராகக் கேட்டாய். ஆமாம், வேலை வராது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். நானும்தான். வராத வேலைக்கு எதற்கு இப்போதே தகராறு என்று தலையாட்டினேன். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

இன்னொன்று. நான் இங்கே வந்தது ஒரு மாசப் பயிற்சிக்கு இல்லை. மூன்று வருஷத்துக்கு. ஆனி மாசம் மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்டார், சரி என்றேன். நம் ஊர் சோலார் பிளாண்டில் இருந்தால் கடைசிவரை பேனல் துடைக்கிற ஆட்களை மேய்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான், இங்கே வந்தால் மேலே போகலாம். உன்னைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய். அதனால் கேட்கவில்லை.

குவாட்டர்ஸ் நன்றாக இருக்கிறது. பால்கனியில் நின்றால் உப்புவெளி தெரியும், உனக்குப் பிடிக்கும். உனக்கும் இங்கே ஏதாவது வேலை தேடிக்கொள்ளலாம். ஆட்டத்துக்கு விதி உண்டு, தோற்றால் அடுத்த ஞாயிறு உண்டு. கல்யாணத்துக்கு விதி ஏது சத்யா? யாராவது ஒருத்தர் விட்டுக்கொடுத்துத்தான் போக வேண்டும். கொஞ்சம் நடைமுறையை யோசித்துப் பார்.

ஆகஸ்ட் 28-க்கு நிச்சயம் வைத்திருக்கிறார்கள். எனக்கு லீவு இல்லை. மாப்பிள்ளை இல்லாமலே பெரியவர்கள் நிச்சயம் செய்வது நம்மில் புதுசு இல்லையே. நான் கெட்டவன் இல்லை. உன்னைப் போல என்னோடு சண்டை போட உலகத்தில் வேறு ஆள் கிடையாது. அதற்காகவாவது வந்துவிடு.

காளிதாஸ்


கூத்தன்வயல்,
29 ஆகஸ்ட் 2025

மச்சான்,

நேற்றே உனக்குப் போன் வந்திருக்கும். அத்தை ஒன்று சொல்லியிருப்பாள், மாமா ஒன்று சொல்லியிருப்பார். நடந்ததை என்னிடம் தெரிந்துகொள்.

கதவு நின்றது என்று நீ எழுதியதைப் படித்தபோது சத்தமாகச் சிரித்துவிட்டேன், அவ்வளவு சந்தோஷம். கடிதத்தைத் திருப்பினால் மறுபக்கத்தில் நீ அதே காரியத்தைத் திரும்பவும் செய்திருக்கிறாய். மேசையில் என்னைப் பகடை போடவாவது விட்டு, பிறகு மாற்றினாய். இதில் என்னைக் கேட்கவே இல்லை. கேட்டால் வேண்டாம் என்பாள், அதனால் கேட்கவில்லை என்று எழுதும்போது உனக்குக் கை கூசவில்லையா?

நான் விட்டுக்கொடுக்காதவள் இல்லை. ஆனி மாசமே வந்து, "இப்பிடி ஒரு எடம் வருது, என்ன செய்யலாம்?" என்று கேட்டிருந்தால் ரெண்டு நாள் சண்டை போட்டிருப்பேன், பிறகு ரெண்டு பேரும் உட்கார்ந்து யோசித்திருப்போம். ஒருவேளை நான் வந்தேகூட இருப்பேன். கல்யாணத்துக்கு விதி ஏது என்கிறாய். வெற்றிலை மாற்றிச் சொன்ன சொல் விதி இல்லையா? எனக்குச் சாதகமாக ஒரு விதி இருக்கும்போது மட்டும் உங்கள் எல்லாருக்கும் நடைமுறை ஞாபகம் வந்துவிடுகிறது.

வேலையில் சேர்ந்துவிட்டேன். ஆடியில் போய்ச் சேராதடி என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஆர்டரில் ஆடி, ஆவணி என்று போடவில்லை, தேதிதான் போட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். என் பிரிவில் ஒரு நாற்காலிக்குக் கால் ஆடுகிறது, அதைத்தான் எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதில் உட்கார்ந்து பட்டா மாறுதல் மனுக்களைப் பிரித்து அடுக்குகிறேன். சுகமாக இருக்கிறேன்.

நேற்று உன் வீட்டிலிருந்து ஒரு வேன் நிறைய வந்தார்கள். வெற்றிலை, பழம், பூ, மாம்பழக் கலரில் பட்டுச்சேலை எல்லாம் வைத்துத் தட்டு வந்தது. பெரியய்யா தட்டை வாங்கி நடுவில் வைத்து, நல்ல நேரம் போகுமுன் பேசிவிடலாம் என்றார். நான் அறையிலிருந்து வெளியே வந்தேன். கூப்பிடுமுன் பெண் வரக்கூடாதாம். அம்மா கையைப் பிடித்து இழுத்தாள், விலக்கிக்கொண்டேன்.

"மாமா, வைகாசியில இதே எடத்துல ஒண்ணு சொன்னீக. அது நிக்கிதா?" என்று கேட்டேன்.

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நிக்கிறது நிக்காததுன்னு இல்லத்தா. மாப்பிள்ளை அங்கன இருக்கும்போது நீ இங்கன இருந்தா நல்லாவா இருக்கும்? நாலையும் யோசிக்கணும்ல" என்றார்.

"அப்ப ஏன் மாமா அன்னிக்குச் சொன்னீக?"

அத்தைக்குப் பொறுக்கவில்லை. "வேலை வரும்னு யாருத்தா நெனச்சா?" என்று கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கே உறைத்தது. வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டாள். நான் கோபப்படவில்லை மச்சான். நீ கடிதத்தில் எழுதியதைத்தானே அவளும் சொன்னாள்.

தட்டை எடுத்தேன். கனமாகத்தான் இருந்தது. அத்தை மடியில் வைத்துவிட்டு, "தப்பா நெனைக்காதீங்க அத்தை, நான் வரல" என்றேன். அம்மா அழ ஆரம்பித்தாள். அய்யா எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார், இன்று வரைக்கும் என்னோடு பேசவில்லை. கிடாய்ச் சண்டையை மறந்து அம்மாவும் அய்யாவும் ஒன்று சேர்ந்துவிட்டார்கள், என்னைத் திட்டுவதற்கு.

பெரியய்யாதான் சமாதானத்துக்கு வந்தார். "பயலைப் புடிக்கலையாத்தா? புடிக்கலேன்னா புடிக்கலேன்னு சொல்லிரு, வேற பாக்கலாம். வீணா சட்டம் பேசாத" என்றார். அப்படிச் சொல்லிவிட்டால் எல்லாருக்கும் லேசாகப் போயிருக்கும். மாப்பிள்ளை பிடிக்கவில்லை என்பது ஊரில் எல்லாருக்கும் விளங்குகிற காரணம். மாமாவும் மானம் போகாமல் வேன் ஏறியிருப்பார்.

நான் அத்தனை பேர் முன்னாலும், "புடிக்கும் பெரியய்யா. சின்னதுல இருந்தே புடிக்கும். ஆனா வரமாட்டேன்" என்றேன். அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் எல்லாரும் எழுந்து போனார்கள். நான் சொன்னது அங்கே ஒருத்தருக்கும் விளங்கவில்லை. உனக்கு விளங்கும் மச்சான், அதனால்தான் எழுதுகிறேன்.

சத்யப்பிரியா